அப்பா அடிச்ச மருந்து

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம். பக்கத்துக் கட்டில், சென்னைப் பொண்ணு. "உங்கப்பா என்ன பண்றாருடி?" என்று கேட்டாள். "கொஞ்சம் கொல்லை இருக்கு. மத்த நாள்ல மருந்தடிக்கப் போவாரு" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ரொம்ப மெதுவாக, "டெய்லியுமா அடிப்பாரு?" என்றாள். அவள் ஊரில் மருந்து என்றால் சரக்காம்! விஷயம் புரிந்ததும் ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பில் வார்டனே வந்து கதவைத் தட்டினார்.

சிரித்து ஓய்ந்த பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். "அது பூச்சியைக் கொல்ற விஷம்தானே? அதை ஏன் மருந்துன்னு சொல்றீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்க பக்கம் காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மாத்திரை, டாக்டர் போடுவது ஊசி. மருந்து என்றால் கொல்லைக்கு அடிப்பதுதான். விற்கிற கடை மருந்துக்கடை. யாராவது "மருந்து குடிச்சிட்டான்" என்று கத்தினால் தெருவே ஓடும். விஷம் என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் வாயில் மருந்து என்றுதான் வரும்.

அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. காரணம் அப்பாவின் கை. அதைக் கடைசியில் சொல்கிறேன் என்று இழுக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருக்கு வலது கை நடுங்குகிறது.

எங்க ஊர் ஆண்டிமடம் பக்கம். ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் பஸ் ஏறினால் வழியில் வரும். அரியலூர் மாவட்டம். செம்மண் பூமி, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் முந்திரி. தை, மாசியில் பூ எடுக்கும். பங்குனி, சித்திரையில் ஊரே பழ வாசனையாக இருக்கும். கொட்டை பொறுக்கின காசில்தான் எங்க தெருவில் கல்யாணம், காதுகுத்து, காலேஜ் ஃபீஸ் எல்லாம்.

முந்திரிக்கு ஒரு பெரிய எதிரி உண்டு. தேயிலைக் கொசு என்று பேர். பேர்தான் கொசு, அது ஒரு நாவாய்ப்பூச்சி. இளந்தளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சும். உறிஞ்சின இடம் கருகிப் போகும். நல்லா பூத்த மரம் பத்தே நாளில் தீயில் வாட்டியதுபோல நிற்கும். அதனால் துளிர் விடும்போது ஒன்று, பூக்கும்போது ஒன்று, பிஞ்சு பிடிக்கும்போது ஒன்று என மூன்று தடவை மருந்தடிப்பார்கள். அப்பா எங்க கொல்லைக்கு அடித்துவிட்டு, ஊரார் கொல்லைக்கும் கூலிக்குப் போவார். பல வருஷம் அவர் அடித்தது எண்டோசல்ஃபான்.

அவர் அடிக்கிற விதம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முதுகில் டேங்க், மூஞ்சியில் துண்டு. மருந்தை மூடியால் அளந்து ஊற்றுவார். ஒரு குச்சி கிடைத்தால் குச்சியால் கலக்குவார், கிடைக்காவிட்டால் கையால். முந்திரி உயரமான மரம் ஆச்சே, குழாயை மேலே தூக்கித்தான் அடிக்கணும். மேலே போனது பாதி இலையில், பாதி அவர் தலையில். சாயங்காலம் வந்து அதே கைலியோடு திண்ணையில் உட்காருவார். நான் ஓடிப் போய் மடியில் ஏறுவேன். கசப்பும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை. சின்ன வயசில் எனக்கு அதுதான் அப்பா வாசனை.

காலியான டின்னை யாரும் வீசமாட்டோம். நல்ல கெட்டியான டின்! கழுவி, மண்ணெண்ணெய் வாங்க வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஆயா விதைப்பயறு கொட்டி வைத்திருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பேங்க்கில் அப்பா கையெழுத்து ஒத்துப் போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுத்து சின்னதாகிக்கொண்டே போயிருந்தது. முதல் எழுத்து நெல்லு மாதிரி, கடைசி எழுத்து கடுகு மாதிரி. அப்புறம் காபி டம்ளர் ஆட ஆரம்பித்தது. டவுனில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். நல்ல டாக்டர், பொறுமையாகத்தான் பார்த்தார். கையை மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், பேப்பரில் சுருள் வரையச் சொன்னார். "பார்க்கின்சன்" என்றார்.

"பீடி, சிகரெட் உண்டா?"

"இல்லிங்க ஐயா."

"தண்ணி?"

"திருவிழாவுக்குக் கூட இல்லிங்க."

"குடும்பத்துல யாருக்காவது இந்த நடுக்கம்?"

"யாருக்கும் இல்லிங்க."

சுகர் கேட்டார், பி.பி. கேட்டார். எழுதிக்கொண்டார். என்ன வேலை செய்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குத் தோணவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி.

அடுத்த லீவுக்குப் போனபோது மாட்டுக்கொட்டகை எறவானத்தில் பழைய டின் ஒன்று சொருகியிருந்ததை எடுத்தேன். லேபிள் பாதி கிழிந்திருந்தது. ஆனால் மூலையில் அந்தக் கட்டம் இருந்தது. சாய்த்து வைத்த சதுரம், கீழ்ப்பாதி மஞ்சள். இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நாலு கலர் உண்டு. சிவப்பு என்றால் கடும் விஷம், பச்சை என்றால் குறைவு. 1971-ல் வந்த பூச்சிக்கொல்லி விதிகள்படி எல்லா டப்பாவிலும் இது இருந்தாகணும்.

நான் கெமிஸ்ட்ரி ஸ்டூடண்ட். அந்தக் கலரை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று தேடினேன். எல்.டி. 50 என்று ஒரு கணக்கு. ஒரே தடவை கொடுத்தால், சோதனை எலிகளில் பாதியைக் கொல்ல எவ்வளவு வேணும்? ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் வரை போதும் என்றால் சிவப்பு. 51-லிருந்து 500 வரை மஞ்சள். 5,000 வரை நீலம். அதுக்கு மேல் பச்சை.

திரும்பவும் படித்துப் பாருங்கள். 'ஒரே தடவை.' அந்தக் கலர் சொல்வது அவ்வளவுதான். இன்றைக்குக் குடித்தால் இன்றைக்கு என்ன ஆகும் என்று சொல்லும். இருபது வருஷம் தோளில் ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்லாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று வைத்த கலர் அது. ஆனால் எங்கப்பாவுக்கு வேண்டிய கேள்விக்கு அதில் பதிலே கிடையாது.

உடனே கொல்கிற விஷத்தை உலகம் கவனித்துவிடுகிறது. 2017-ல் மகாராஷ்டிரா யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். இருபது பேருக்கு மேல் இருக்கும் என்று நாடே பேசியது. அதே வருஷம் எங்க பக்கத்து மாவட்டம் பெரம்பலூரிலும் மருந்தடித்த விவசாயிகள் இறந்தார்கள். பேப்பரில் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள். வரவேண்டியதுதான். ஆனால் மெதுவாக வேலை செய்கிற விஷத்துக்கு எந்த நாளில் நியூஸ் போடுவது? அது நடந்த தேதி என்று ஒன்று இல்லையே.

இந்த மெதுவான விஷங்களுக்குப் பொதுவாக ஒரு குணம் உண்டு. டி.டி.டி., பி.எச்.சி., எண்டோசல்ஃபான் எல்லாமே குளோரின் ஏறின சேர்மங்கள். வெயிலும் மழையும் மண்ணில் உள்ள கிருமிகளும் இவற்றை லேசில் சிதைக்க முடியாது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீரில் கரைவது சிறுநீரில் போய்விடும், கொழுப்பில் கரைவது உடம்பில் தங்கிவிடும். எண்டோசல்ஃபான் மற்ற இரண்டை விடச் சீக்கிரம் உடையும்தான். ஆனால் உடைந்து எண்டோசல்ஃபான் சல்ஃபேட் ஆகிறது. அதுவும் விஷம், தாய்ச் சரக்கை விட ரொம்ப நாள் மண்ணில் கிடக்கிற விஷம்.

பூச்சியின் நரம்பில் அது என்ன செய்கிறது? மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. நரம்புத் துடிப்பு எல்லை மீறாமல் பிரேக் போடுவது அதன் வேலை. எண்டோசல்ஃபான் அந்தப் பிரேக்கைப் பிடிக்கவிடாமல் செய்கிறது. பூச்சி துடிதுடித்துச் சாகும். நமக்கும் அதே காபாதான், அதே பிரேக்தான். அதிகமாக உள்ளே போனால் மனுஷருக்கும் வலிப்பு வரும்.

ஆயாவிடம் பழைய கதை கேட்டேன். மலேரியாவுக்கு டி.டி.டி. அடிக்க ஆள் வருவார்களாம். சுவரெல்லாம் வெள்ளை படியும், வாசலில் தேதி எழுதிவிட்டுப் போவார்களாம். நெல்லுக்கு பி.எச்.சி. பவுடர். "வேட்டித்துணியில மூட்டையா கட்டி, தட்டித் தட்டித் தூவுவாங்க. வெறுங்கால்தான். ஒண்ணும் ஆவல" என்றது ஆயா. விவசாயத்துக்கு டி.டி.டி. போடுவதை இந்தியா 1989-ல் நிறுத்தியது. பி.எச்.சி.க்குத் தடை 1997-ல் வந்தது.

அந்தப் பவுடர் எல்லாம் எங்கே போச்சு? இதற்கு ஒரு பதில் எங்க ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. எங்களுக்கு வடக்கே ஓடுகிற வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 1980-களின் கடைசியில் அவர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டனாபே குழுவும் சேர்ந்து இதைத் தேடினார்கள். நெல் வயலில் பி.எச்.சி.யைப் போட்டு, தண்ணீர், மண், காற்று எல்லாவற்றிலும் அளந்தார்கள். போட்டதில் 99 சதவீதத்துக்கு மேல் ஆவியாகிக் காற்றில் போய்விட்டதாம்! ஆற்று வழியாகக் கடலுக்குப் போனது ஒரு சதவீதம் கூட இல்லை.

காற்றில் போனது காணாமல் போகவில்லை. சூடான நாட்டில் ஆவியாகி, குளிரான நாட்டில் படியும். ஆர்க்டிக்கில் பனிக்கரடியிலும் சீலிலும் இந்த ரசாயனங்கள் இருக்கின்றன. கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் தாய்மாரின் பாலை 1980-களில் சோதித்தார்கள். பி.சி.பி. என்ற தொழிற்சாலை ரசாயனம் தெற்கே நகரத்துத் தாய்மாரை விடப் பல மடங்கு இருந்தது. அவர்கள் ஊரில் தொழிற்சாலையே கிடையாது. சாப்பிட்டது மீனும் சீலும்தான்.

நம்ம ஊர்த் தாய்மார்? அதே ஜப்பான் – பரங்கிப்பேட்டைக் குழு தென்னிந்தியத் தாய்ப்பாலைச் சோதித்து 1990-ல் கட்டுரை வெளியிட்டது. டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் இருந்தன. இதில் ஒரு விஷயம் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா உடம்பில் வருஷக்கணக்கில் சேர்ந்தது பால் வழியாக வெளியேறும். அதனால் அதிகப் பங்கு முதல் குழந்தைக்குத்தான் போகும். எங்க வீட்டில் நான்தான் மூத்தவள்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பால் வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. இவ்வளவும் தெரிந்த விஞ்ஞானிகளும், உலக சுகாதார நிறுவனமும் குழந்தைக்குத் தாய்ப்பால்தான் நல்லது என்கிறார்கள். தப்பு பாலில் இல்லை. அம்மாவைக் கேட்காமல் அதில் கலந்தது யார் என்பதுதான் கேள்வி.

இப்படித் தேடிக்கொண்டு போனபோதுதான் காசர்கோடு வந்தது. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேரளாவின் வடகோடி மாவட்டம். அங்கேயும் முந்திரிதான். அங்கேயும் அதே தேயிலைக் கொசு, அதே எண்டோசல்ஃபான். ஆனால் அடித்தது முதுகு டேங்க்கில் இல்லை, ஹெலிகாப்டரில். கேரள அரசின் தோட்டக் கழகம் 4,600 ஹெக்டேருக்கு மேல் முந்திரி வைத்திருந்தது. 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை வருஷத்துக்கு ரெண்டு, மூன்று தடவை வானத்திலிருந்து தெளித்தார்கள். மேலே தோட்டம், சரிவில் வீடுகள், கீழே ஓடை. தெளித்தது எல்லாம் கிணற்றிலும் ஓடையிலும் இறங்கியது.

1979-லேயே ஸ்ரீ பத்ரே என்ற விவசாயி, பத்திரிகையாளர், கால் வளைந்து பிறந்த கன்றுக்குட்டிகளைக் கவனித்தார். பத்ரே கிராமத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் மோகன் குமாருக்கு 1990-களில் ஒரு சந்தேகம் வந்தது. சின்ன ஊர் இது, எப்படி இத்தனை வலிப்பு, இத்தனை மனவளர்ச்சிக் குறை, இத்தனை புற்றுநோய்? அவர் வந்த நோயாளியைப் பார்த்து அனுப்பியதோடு நிறுத்தவில்லை. யார் வீடு எங்கே, எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்த்து எழுதி வைத்தார். விவசாயத் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998-ல் கோர்ட்டுக்குப் போய் தன் பகுதியில் தெளிப்புக்குத் தடை வாங்கினார். இவர்கள் யாரும் பெரிய விஞ்ஞானிகள் இல்லை. அக்கம்பக்கத்தில் நடப்பதைக் கண் திறந்து பார்த்தவர்கள்.

அப்புறம்தான் ஆய்வுகள் வந்தன. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம், தெளிப்பு நடந்த ஊரில் 10 முதல் 19 வயது வரை உள்ள 117 பையன்களையும், தெளிப்பு நடக்காத ஊரில் 90 பையன்களையும் சோதித்தது. 2003-ல் முடிவு வெளியானது. ஹெலிகாப்டர் நின்று மாதக்கணக்கில் ஆன பிறகும், அந்த ஊர்ப் பையன்களின் ரத்தத்தில் எண்டோசல்ஃபான் மற்றவர்களை விட ஐந்து மடங்குக்கு மேல். அவர்கள் வயசுக்கு வருவதும் தள்ளிப் போயிருந்தது. ஹார்மோன் வேலையில் குறுக்கிடுகிறது என்று அந்த ஆய்வு சொன்னது. எதிர்வாதங்களும் வந்தன. வேறு ஆய்வகம் வேறு முடிவு சொன்னது. கமிட்டி மேல் கமிட்டி. அந்தச் சண்டையிலேயே வருஷங்கள் ஓடின.

2011 ஏப்ரலில் ஜெனீவாவில் நடந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைக் கூட்டத்தில் எண்டோசல்ஃபானை உலக அளவில் ஒழிக்கிற பட்டியலில் சேர்த்தார்கள். சிதையாத விஷங்களுக்காகவே 2001-ல் உருவான உடன்படிக்கை அது, இந்தியா 2006-ல் உறுப்பினர் ஆனது. 2011 மே 13-ல் நம்ம சுப்ரீம் கோர்ட் தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு மூன்றுக்கும் தடை போட்டது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் 5 லட்ச ரூபாய் கொடு என்று கேரள அரசுக்கு உத்தரவு. ஐந்து வருஷம் கழித்து 2022 மேயில் அதே கோர்ட் கணக்குப் பார்த்தால், 3,704 பேரில் பணம் போய்ச் சேர்ந்தது எட்டே பேருக்கு!

இதையெல்லாம் படித்துவிட்டு, எங்கப்பா கை நடுக்கத்துக்கு எண்டோசல்ஃபான்தான் காரணம் என்று எழுதிவிட எனக்கு ஆசைதான். ஆனால் அது நேர்மை ஆகாது. காசர்கோட்டில் வானத்திலிருந்து கொட்டினார்கள், எங்க ஊரில் கையால் அடித்தோம். ரெண்டும் ஒன்றில்லை. வருஷக்கணக்கில் பூச்சிக்கொல்லியோடு வேலை செய்கிறவர்களுக்குப் பார்க்கின்சன் வருகிற வாய்ப்பு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அது கூட்டத்துக்கான கணக்கு. ஒரு ஆளைக் காட்டி, இவருக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தே தொடாதவர்களுக்கும் பார்க்கின்சன் வருகிறது. அதோடு, நடுக்கம் வெளியே தெரியும்போது மூளையில் டோபமின் சுரக்கிற செல்களில் பாதிக்கும் மேல் ஏற்கனவே போயிருக்கும். நோய் ஆரம்பித்தது எப்போது என்றே தெரியாது.

இந்த விஷங்கள் தப்பிப்பதும் இப்படித்தான். பெரிய சூழ்ச்சி எதுவும் வேண்டாம், காலம் கடந்தாலே போதும். இருபது வருஷம் கழித்து நோய் வரும்போது டின் காயலான் கடைக்குப் போயிருக்கும், மருந்தின் பேர் மறந்திருக்கும், கடைக்காரர் கடையை மாற்றியிருப்பார். நிரூபிக்க எதுவும் மிஞ்சாது. காசர்கோட்டில் ஏதோ மிஞ்சியது என்றால், ஒரு டாக்டரும் ஒரு பத்திரிகையாளரும் அவர்களைப் போன்ற சிலரும் நடக்கும்போதே எழுதி வைத்ததால்தான். எங்க ஊரில் யாரும் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அதனால் போன பொங்கல் லீவில் ஒரு நோட்டு வாங்கினேன்.

முதலில் அப்பாவிடம் கேட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "இப்ப என்னாத்துக்கும்மா அதெல்லாம்? மருந்தடிச்சு மரத்தைக் காப்பாத்துனேன், உங்களைப் படிக்க வச்சேன். தப்பா பண்ணிட்டேன்?" என்றார். குரல் உடைந்துவிட்டது. நான் கேட்ட விதம் அவர் மேல் பழி போடுவதுபோல இருந்திருக்கிறது. "நீ தப்பு பண்ணலப்பா. உன்கிட்ட யாரும் உண்மையைச் சொல்லல. அதான் எழுதறேன்" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அவராகவே, "மொத மொதல்ல டேங்க் தூக்குனது எங்கப்பா செத்த வருஷம்" என்று ஆரம்பித்தார்.

வருஷம் எண்ணாக வரவில்லை. எல்லாம் அடையாளமாகத்தான் வந்தது. "நீ பொறந்த வருஷம் எண்டோசல்ஃபான்தான்." "தானே புயல்ல மரம் சாஞ்சுதே, அதுக்கு மொத வருஷம் வரைக்கும் அதைத்தான் அடிச்சோம்." தானே புயல் 2011 டிசம்பர் கடைசி. தடை வந்த அதே வருஷம்! நான் பக்கத்தில் வருஷத்தைக் குறித்துக்கொண்டேன். என்ன மருந்து, எத்தனை வருஷம், மாசத்துக்கு எத்தனை நாள், கையுறை போட்டாரா, எங்கே கழுவினார், மயக்கம் வாந்தி வந்ததா... எல்லாம் எழுதினேன். பக்கத்து வீட்டுச் சித்தப்பா எட்டிப் பார்த்து, "எனக்கும் எழுதும்மா" என்றார். அப்புறம் எதிர்வீட்டுப் பெரியம்மா. "ஆம்பளைங்க அடிச்சாங்க. துணியைத் துவைச்சது யாரு? தண்ணி தூக்கியாந்து ஊத்துனது யாரு? எங்களையும் எழுது" என்றது. அதுவரைக்கும் எனக்கு அது தோணவே இல்லை. அம்மா பேரையும் எழுதினேன்.

இது ஆய்வு இல்லை. எங்க கெமிஸ்ட்ரி மேடமே சொல்லிவிட்டார், இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று. எனக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு யாராவது வந்து உண்மையாகவே ஆராய்ந்தால், ஆரம்பிக்க ஒரு பக்கமாவது இருக்கும்.

கிராமத்திலிருந்து வந்து படிக்கிற நண்பர்களே, உங்கள் வீட்டிலும் டேங்க் தூக்கின தோள் ஒன்று இருக்கும். எண்டோசல்ஃபான் போனாலும் மருந்து போகவில்லை, வேறு வேறு பேரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஊருக்குப் போனால் நாலு விஷயம் பாருங்கள். காலி டின்னில் எதையும் வைக்க விடாதீர்கள், மூன்று தடவை அலசி ஓட்டை போட்டுவிடுங்கள். கையால் கலக்க விடாதீர்கள். காற்றுக்கு எதிரே நின்று அடிக்க விடாதீர்கள். மருந்தடித்த துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள், குளிக்காமல் குழந்தையைத் தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் கேட்காவிட்டாலும் என்ன வேலை, எத்தனை வருஷம் என்று நீங்களே சொல்லுங்கள்.

போன மாசம் அப்பாவை மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். நோட்டில் எழுதியதை ஒரே பக்கமாக நகல் எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் முழுசாகப் படித்தார். "இதை மொதல்லயே நான் கேட்டிருக்கணும்" என்றார். மாத்திரையை மாற்றவில்லை, அதே லெவோடோபாதான். ஆனால் அந்தப் பேப்பரை ஃபைலில் சேர்த்துவிட்டார்.

சேர்ப்பதற்கு முன்னால் அப்பா, "பேனா குடும்மா" என்றார். வாங்கி, பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். ரொம்ப நேரம் ஆனது. கடைசி எழுத்து புள்ளி மாதிரிதான் இருந்தது.

"எதுக்குப்பா கையெழுத்து?" என்றேன்.

"நான்தான் சொன்னேன்னு இருக்கணும்ல" என்றார்.